சோமாலி அயலவருக்கு என்எச்எஸ் ஆப்பில் உதவப் போகிறீர்களா? எங்கள் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

இங்கிலாந்தின் அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் ஆப்பை போனில் போட்டுப் பழக்க, மேற்கு லண்டனில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஜிபி, அதாவது நாம் பதிந்திருக்கும் குடும்ப மருத்துவர் நிலையம், அனுப்பும் மெசேஜ் புரியாமல் தவிக்கும் நம் அம்மம்மாக்களுக்காகத் தொடங்கியது. அந்தப் பக்கம் இருக்கும் சோமாலி அம்மாக்கள் இரண்டு மூன்று வாரம் தள்ளி நின்று பார்த்தார்கள், ஒருநாள் ஒருவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை மேசையில் வைத்தார், அவ்வளவுதான், இப்போது வருகிறவர்களில் பாதிக்கு மேல் சோமாலியர்கள். உதவிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒவ்வொரு புதுப் பிள்ளையும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறது. வாயால் சொல்லி அலுத்துப் போய் எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடு வேறு.

எனக்கு சோமாலி ஒரு சொல்லும் தெரியாது. நான் வந்து என்ன செய்யப் போறேன்?

ஆப் ஆங்கிலத்தில் இருக்கிறது, எங்கே சிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுமையாக உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறது. இந்த மேசைக்கு அது போதும். நோயைப் பற்றிய பேச்சை மொழிபெயர்ப்பது உங்கள் வேலையே இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு சொல் தெரிந்தால் நல்லது. 'ஹா' என்றால் ஆம், 'மயா' என்றால் இல்லை. வயதான பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அம்மாவுக்கு 'ஹூயோ' என்பார்கள், அம்மாவின் தங்கைக்கு 'ஹபர்யர்', சொல்லுக்குச் சொல் பார்த்தால் நம் சின்னம்மாவேதான். அப்பாவின் சகோதரருக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல், அதுவும் நம்மைப் போலவே. இரத்தக் கொதிப்புக்கு அவர்கள் சொல்வது 'டீக் கர்', இரத்தம் கொதிக்கிறது என்றே பொருள். சீனி வருத்தத்துக்கும் சர்க்கரையை வைத்துத்தான் பெயர். இதை முதல் தடவை கேட்டபோது ஆங்கிலத்தில் 'ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதியிருந்த கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துச் சிரித்தோம்.

என்எச்எஸ் ஆப், ஜிபி வெப்சைட், 111 எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் பாதி நாள் போய்விடும். என்எச்எஸ் ஆப் என்பது ஒருவரின் சொந்தக் கதவு: மருந்து மறுபடி எடுக்க, பரிசோதனை முடிவு பார்க்க, ஆஸ்பத்திரித் தேதி பார்க்க. ஜிபி வெப்சைட்டில் இருக்கும் ஆன்லைன் ஃபார்ம் என்பது 'எனக்கு இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம்' என்று கேட்க. சில ஜிபிகளில் அது ஆப்புக்குள்ளேயும் இருக்கும். 111 என்பது எங்கே போவது என்று தெரியாதபோது, இரவோ விடுமுறையோ, போனிலும் இணையத்திலும் கேட்க. இணையத்தில் கேட்கும் 111 ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், சின்னப் பிள்ளைக்கு போன்தான். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது என்றால் மேசையும் வேண்டாம் ஆப்பும் வேண்டாம், 999 என்ற அவசர எண்தான்.

ஜிபியிலயே பதியாத ஆள் வந்திருக்கிறார். விலாசத்துக்கு ஆதாரம் இல்லை, விசா கார்டும் இல்லை எண்டுறார். திருப்பி அனுப்பட்டா?

அனுப்ப வேண்டாம். இங்கிலாந்தில் யாரும் ஜிபியில் பதியலாம். அடையாள அட்டை, விலாச ஆதாரம், குடியேற்ற நிலை, என்எச்எஸ் எண் எதுவும் கட்டாயம் இல்லை. ரிசப்ஷனில் கேட்கலாம், இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. ஜிபி பார்ப்பது இலவசம், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கும்தான். பல ஜிபிகளில் ஆன்லைனிலேயே பதிய முடியும், முடியாவிட்டால் ஜிஎம்எஸ்1 என்ற காகிதப் படிவம். அதில் முதல் மொழி என்ன, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற இடம் இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். அன்றைக்கு ஒரு நிமிடம் செலவழித்து அதை நிரப்பினால் பின்னால் பல மாதத்துக்கு உதவும்.

பதிஞ்சா விவரம் ஹோம் ஆபீசுக்குப் போகுமா எண்டு பயப்படுகினம். சும்மா பயம்தானே?

சும்மா என்று சொல்லாதீர்கள். 2017இல் நோயாளிகளின் விலாசம் போன்ற விவரங்களை, குடியேற்றத்தைக் கவனிக்கும் அமைச்சான ஹோம் ஆபீஸ் கேட்டு வாங்குவதற்கு ஓர் உடன்பாடு இருந்தது, எதிர்ப்புக் கிளம்பி 2018 மேயில் அதை நிறுத்தினார்கள். அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியது, நிறுத்திய கதை அவ்வளவு பரவவில்லை.

இன்றைக்கு நான் சொல்வது இதுதான். ஜிபியில் பதிவதற்குக் குடியேற்ற நிலை தேவையில்லை. ஆஸ்பத்திரி வேறு: கட்டணம் கட்ட வேண்டிய ஒருவர் 500 பவுண்டுக்கு மேல் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கட்டாமல் வைத்திருந்தால் அது ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்கப்படலாம். அகதியாக ஏற்கப்பட்டவருக்கும், விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கும் அந்தக் கட்டணமே கிடையாது. இதற்கு மேல் ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் சட்ட ஆலோசகரிடம் அனுப்புங்கள், கருத்துச் சொல்லாதீர்கள்.

ஆப்பில் பேரைப் போட்டா பொருந்தேல்ல எண்டு வருது. மூண்டு தரம் போட்டுப் பாத்தாச்சு.

இதுதான் எங்கள் மேசையின் முதல் எதிரி. மொழி இரண்டாவதுதான்.

தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை, நமக்கும் குடும்பப் பெயர் கிடையாது. சோமாலியர்களுக்கும் அப்படித்தான்: தன் பெயர், அப்பா பெயர், அப்பப்பா பெயர். ஒரு கற்பனைக் குடும்பம் எடுப்போம். மகள் ஹோதன் அலி ஹசன். அப்பா அலி ஹசன் ஃபாரா. அம்மா ஃபாதுமா யூசுப் நூர், கல்யாணம் செய்தாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. இப்போது 'சர்நேம்' பெட்டியில் ஒரே வீட்டில் ஹசன், ஃபாரா, நூர் என்று மூன்று வரும். எந்தத் தவறும் இல்லை, ஆனால் படிவத்தைப் பார்க்கிறவர் மூன்று குடும்பம் என்று நினைப்பார். சில சமயம் ரிசப்ஷனில் நடுப்பெயரை விட்டுவிடுவார்கள், சில சமயம் இரண்டாவது பெயரையே சர்நேமாகப் போட்டுவிடுவார்கள்.

அதற்கு மேல் எழுத்து. சோமாலியை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், அதில் 'சி' என்பது அரபியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒலிக்கு, 'எக்ஸ்' என்பது அழுத்தமான 'ஹ'வுக்கு. அதனால் அலியை 'சி'யில் தொடங்கி எழுதுவார்கள், ஹசனை 'எக்ஸ்'இல். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஜிபியில் ஒரு மாதிரி, மகன் நிரப்பிய படிவத்தில் இன்னொரு மாதிரி. முகமது என்பதும் மஹ்மூத் என்பதும் கேட்க ஒன்று போல இருந்தாலும் இரண்டு வேறு பெயர்கள், அதையும் ஒன்றாக்கி விடுகிறார்கள். போதாததற்குப் பட்டப்பெயர். 'எல்லோருக்கும் என்னைத் தெரியும்' என்று ஒருவர் சொல்லும் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

ஆக, முதலில் ஊகிக்காதீர்கள். ஜிபியிலிருந்து வந்த கடிதமோ மருந்துச் சீட்டோ கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் இருக்கும் எழுத்துக்கூட்டலை அப்படியே போடுங்கள். அதுவும் பாஸ்போர்ட்டும் வேறாக இருந்தால் ஆப்போடு மல்லுக்கட்டாமல் ஜிபிக்குப் போய்ப் பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு இடத்தில் பதிந்து ஒரே ஆளுக்கு இரண்டு என்எச்எஸ் எண் இருப்பதும் உண்டு; அப்படிச் சந்தேகம் வந்தால் அதையும் ரிசப்ஷனில் சொல்லுங்கள், ஒவ்வாத மருந்து பற்றிய குறிப்பு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போனால் ஆபத்து.

எல்லாருக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 எண்டு இருக்கு. பொய் சொல்லுகினமா?

இல்லை. நாட்டுப்புறத்தில் பிறப்பைப் பதியும் வழக்கம் குறைவு, 1991இல் அரசு விழுந்தபோது இருந்த பதிவேடுகளும் போயின. மழைக்காலத்தில் பிறந்தேன் என்று அம்மா சொன்னது நினைவிருக்கும், தேதி இருக்காது. வந்திறங்கிய நாட்டில் அதிகாரி வருடத்தை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று எழுதிக்கொண்டார், அதுவே சட்டப்படியான தேதி ஆகிவிட்டது.

நமக்கு இதனால் வரும் வேலை இரண்டு. ஜிபி அனுப்பும் லிங்கைத் திறந்தால் பிறந்த தேதி கேட்கும், அப்போது காகிதத்தில் உள்ளதைப் போட வேண்டும், உண்மையானது என்று அவர் நினைப்பதை அல்ல. இரண்டாவது, பெயரும் பொதுவான பெயர், தேதியும் ஜனவரி 1 என்றால் ஆள் மாறிப்போகும் வாய்ப்பு அதிகம். எங்கே போன் செய்தாலும் விலாசத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இமெயில் இல்லை எண்டுறா. மகன்ர இமெயிலையே போட்டா என்ன?

போட முடியாது. என்எச்எஸ் லாகின் ஒவ்வொருவருக்கும் தனி இமெயில் கேட்கும். மகன் தன் ஆப்புக்கு ஏற்கனவே அதைக் கொடுத்திருந்தால் ஏற்காது. ஏற்றாலும் வேண்டாம் என்பேன், அம்மாவின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் மகனுக்குத்தான் போகும். புதிதாக ஒன்று திறந்து அவர் போனிலேயே போட்டுவிடுங்கள். இதற்கே முக்கால் மணி நேரம் போகும், போகட்டும். போனில் டேட்டா இல்லை, காசு இல்லை என்றால் நேஷனல் டேட்டாபேங்க் என்ற ஏற்பாட்டில் இலவச சிம்மும் டேட்டாவும் கிடைக்கும், சில நூலகங்களிலும் ஓ2 என்ற போன் கம்பெனியின் கடைகளிலும் கேட்கலாம்.

முகத்தை ஸ்கேன் பண்ணச் சொல்லுது. அவ முகத்தை மூடியிருக்கிறா.

தலையை மட்டும் மூடியிருந்தால் பிரச்சினை இல்லை. முகம் மூடியவரை மேசையில் வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லாதீர்கள், வீட்டில் தனியாகச் செய்யலாம். அதுவும் பிடிக்காதவருக்கும், கையில் படமெடுக்க ஓர் அட்டையே இல்லாதவருக்கும் வேறு வழி உண்டு. 2024 கடைசியோடு பழைய விசா கார்டுகள் போய் எல்லாம் இணையத்தில் ஆகிவிட்டதால் அட்டை இல்லாதவர்கள் கூடிவிட்டார்கள். ஜிபியில் கேட்டால் மூன்று விவரங்கள் தருவார்கள்: ஒரு கணக்கு எண், ஜிபியின் குறியீடு, ஒரு இணைப்புச் சாவி. அந்த மூன்றையும் போட்டால் முகமும் வேண்டாம் பாஸ்போர்ட் படமும் வேண்டாம். ரிசப்ஷனில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், 'ஆன்லைன் சேவைக்கான பதிவு விவரம்' என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

பாஸ்வேர்டை நான் எழுதி வைக்கட்டா? அடுத்த கிழமையும் மறந்திட்டுத்தான் வரப் போறார்.

வேண்டாம். நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். ஒரு கொப்பியில் பதினெட்டுப் பேரின் பாஸ்வேர்ட். ஒருநாள் அதை பஸ்ஸில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் டிப்போவில் நின்றேன், கிடைத்தது, கிழித்துப் போட்டேன். அவருடைய கொப்பியில் அவர் கையால் எழுதட்டும், எழுத வராவிட்டால் போனின் விரல் ரேகையில் போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று: போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கித் தட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும், அடுத்த வாரம் அதே ஆள் அதே வேலைக்கு வருவார். விரலைக் காட்டுங்கள், தொடாதீர்கள். போனுக்கு வரும் குறியீட்டு எண்ணை உங்களுக்கே கூட வாசித்துச் சொல்லப் பழக்க வேண்டாம். இன்றைக்கு உங்களுக்குச் சொன்னவர் நாளைக்கு 'என்எச்எஸ்ஸிலிருந்து பேசுகிறோம்' என்று அழைக்கும் திருடனுக்கும் சொல்வார்.

ஆப்பை சோமாலிக்கு மாத்தேலாதா?

ஆப்பில் அந்த வசதி இல்லை. இதையே பிரவுசரில் திறந்து கூகுள் மொழிபெயர்ப்பைப் போட்டால் சோமாலியில் காட்டும். மெனு, தேதி, 'சமர்ப்பி' பட்டன் போன்றவற்றுக்கு அது போதும். மருந்து அளவுக்கோ பரிசோதனை முடிவுக்கோ அதை நம்பாதீர்கள்.

அதோடு, எழுத்தில் மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972இல். அதற்கு முன் பள்ளி முடித்தவர்கள் ஆங்கிலத்திலோ இத்தாலியத்திலோ அரபியிலோ படித்தார்கள், போர்க்காலத்தில் வளர்ந்த பலர் பள்ளிக்கே போகவில்லை. ஆனால் வாய்மொழியில் கெட்டிக்காரர்கள், நீண்ட கவிதையை மனப்பாடமாகச் சொல்லும் பாரம்பரியம் அது. அதனால் நான் செய்வது: அடுத்த தடவை மருந்து எடுக்க எந்தப் பட்டனை எப்போது தொட வேண்டும் என்பதை அவரையே சொல்லச் சொல்லி, அவர் குரலிலேயே அவர் போனில் பதிந்து வைப்பது. நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் செய்யாததை நாற்பது விநாடிக் குரல் செய்கிறது.

மகள் நல்லா இங்கிலீஷ் கதைக்கிறா. பிறகு எதுக்கு மொழிபெயர்ப்பாளர்?

பன்னிரண்டு வயது மகளுக்கு அம்மாவின் மாதவிடாய் பற்றி மருத்துவர் கேட்பதை மொழிபெயர்க்க வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் கொஞ்சம் விடுவாள், அம்மா கொஞ்சம் மறைப்பாள். நம் வீடுகளிலும் நடந்ததுதான், நானே அப்பாவுக்கு அப்படிச் செய்திருக்கிறேன், அவர் சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன். ஜிபியில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது என்எச்எஸ் இங்கிலாந்தின் வழிகாட்டுதல். படிவம் நிரப்ப, தேதி பார்க்க மகள் உதவட்டும், மருத்துவரோடு பேசும்போது வேண்டாம். 111க்கு அழைத்தாலும் 'சோமாலி' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், இந்த ஒரு சொல் உத்தியை வருகிற எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார், அந்த அம்மா வேண்டாம் எண்டு தலையாட்டினா. ஏன்?

பல காரணம் இருக்கலாம். தெற்குச் சோமாலியாவில் மாய் என்ற மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பொதுச் சோமாலி அவர்களுக்குச் சரியாகப் பிடிபடாது. கடற்கரை ஊரான பராவாவில் இருந்து வந்தவர்களுக்கு சுவாஹிலியோடு உறவுள்ள சொந்த மொழி உண்டு. 'சோமாலி' என்று ரிசப்ஷனில் குறித்துவிட்டால் இவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 'வீட்டில் என்ன மொழி?' என்று கேட்டு அதைப் பதியச் சொல்லுங்கள்.

மொழி சரியாக இருந்தும் தலையாட்டினால், வந்தவர் ஆணாக இருக்கலாம், அல்லது குரலை வைத்தோ பெயரை வைத்தோ தெரிந்த குடும்பம் என்று சந்தேகம் வந்திருக்கலாம். குலம் என்பது அங்கே பெரிய விஷயம், உள்நாட்டுப் போரே அந்தக் கோடுகளில் நடந்தது. நம்மூரில் 'எந்த ஊர், யாருடைய பிள்ளை' என்று கேட்டே ஆளை அளந்துவிடுவோம் அல்லவா, அதே பயம். குலம் என்ன என்று நீங்கள் கேட்கவே கூடாது. பெண் மொழிபெயர்ப்பாளர், போன் வழியாக, வேறு நகரத்தில் இருப்பவர் என்று கேட்கலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

காலை எட்டு மணிக்கு ஜிபியைப் பிடிக்க போனுக்கு அடிபடுறதை விட ஆன்லைன் ஃபார்ம் நல்லதெண்டு சொல்லட்டா?

பலருக்கு நல்லது. 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து ஜிபிகள் அவசரமில்லாத விஷயங்களுக்கான ஆன்லைன் ஃபார்மைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்து வைக்க வேண்டும். 'இன்றைக்கு முடிந்துவிட்டது, நாளைக்கு அழையுங்கள்' என்று சொல்லி வைப்பதும் 2023 ஜிபி ஒப்பந்தத்தின்படி சரியில்லை.

ஃபார்மில் என்ன எழுதுவது என்பதில்தான் கைதேர்ச்சி. ஒருவர் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார், தலையைத் தொடுவார், 'உடம்பெல்லாம்' என்பார். நீங்கள் அதை 'காஸ்ட்ரைடிஸ்' என்று நோய்ப் பெயராக எழுதினால் நீங்கள் மருத்துவராகிவிட்டீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, கூடுகிறதா, எதைச் செய்ய முடியவில்லை, என்ன பயம்: அவர் சொன்னபடி. கடைசி வரியில் மொழியும், போனில் கூப்பிடும்போது மொழிபெயர்ப்பாளரோடு கூப்பிட வேண்டும் என்பதும், மொழிபெயர்ப்பாளர் ஆணாக வேண்டுமா பெண்ணாக வேண்டுமா என்பதும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்றும் எழுதலாம்.

தொண்டை வலி, பிள்ளைகளுக்குக் காது வலி, தொற்றுப் பிடித்த பூச்சிக் கடி, பெண்களுக்குச் சிறுநீர்க்கடுப்பு என்றால் ஃபார்மே தேவைப்படாமல் இருக்கலாம், 2024 ஜனவரி முடிவிலிருந்து மருந்தகத்திலேயே பார்த்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

மருந்து இலவசம் எண்ட பெட்டியில டிக் போடட்டா? வேலை இல்லை எண்டுறார்.

நில்லுங்கள். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 2024 மே முதல் 9.90 பவுண்டு. 60 வயதானவருக்கும் 16க்குக் கீழே உள்ளவருக்கும் இலவசம், அதில் சிக்கல் இல்லை. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை வாங்குகிறார் என்பதற்காகவே இலவசம் ஆகாது, கடைசி மாதக் கணக்கில் சம்பளம் 435 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், பிள்ளைக்கான தொகையோ உடல்நிலைக்கான தொகையோ சேர்ந்திருந்தால் 935 வரை. தவறாக டிக் போட்டால் மருந்துக் காசோடு 100 பவுண்டு வரை அபராதம் வரும், அது வருவது டிக் போட்ட உங்களுக்கு இல்லை. வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 என்ற படிவம் போட்டு, மருந்தை இலவசமாக்கும் எச்.சி.2 சான்றிதழ் வாங்கலாம். அதை ஆன்லைனில் நிரப்புவது எங்கள் மேசையின் நல்ல வேலைகளில் ஒன்று.

ரமழான் வருது. சீனி வருத்தக்காரர், மருந்தை ஆப்பில எப்படி மாத்துறது எண்டு கேக்கிறார்.

ஆப்பில் மாற்ற முடியாது, அதே மருந்தைத் திரும்பக் கேட்கத்தான் முடியும். நோன்புக்கு ஆறு எட்டு வாரம் முன்பே நீரிழிவுத் தாதியைப் பார்க்க ஃபார்ம் போடுங்கள். 'நோன்பு பிடிக்காதீர்கள்' என்று நீங்கள் சொல்லாதீர்கள், அது மருத்துவரும் அவருடைய இமாமும் பேச வேண்டிய விஷயம். மாத்திரை உறையில் பன்றிக் கொழுப்பு இருக்குமோ என்ற சந்தேகத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். மருந்தாளரிடம் கேட்கச் சொன்னால் உறையில்லாத வடிவம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

பிள்ளைக்குத் தடுப்பூசி மெசேஜ் வந்தது, 'ஆட்டிசம் வரும்' எண்டு ஒரு வாட்ஸ்அப் வீடியோ காட்டினா. வாதாடினேன், எழும்பிப் போயிட்டா.

வாதாட வேண்டாம். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்துச் சோமாலிப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளில் ஆட்டிசம் அதிகம் தெரிகிறதே என்று கவலைப்பட்டுக் கேட்டபோது பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை. அந்த இடைவெளியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் மருத்துவரும் தடுப்பூசி எதிர்ப்பாளர்களும் புகுந்தார்கள். எம்எம்ஆர் என்ற தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட அவரது 1998 கட்டுரையை 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றுவிட்டது, தொடர்பு இல்லை என்று அதற்குப் பின் பெரிய ஆய்வுகள் காட்டின. 2017இல் மினசோட்டாவில் 75 பேருக்குத் தட்டம்மை வந்தது, பெரும்பாலோர் சோமாலிக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்த அம்மா கேட்பது 'என் பிள்ளை பேசாமல் போய்விடுமா' என்பது. அதற்கு ஒரு தாதியோடு, மொழிபெயர்ப்பாளரை வைத்து, பத்து நிமிடம் வாங்கிக் கொடுங்கள். பன்றி ஜெலட்டின் இல்லாத ஊசியைக் கேட்டு வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள், சில நேரம் தடை அதுவாகத்தான் இருக்கும்.

ரிசல்ட் ஆப்பில வந்திருக்கு. 'வாசிச்சுச் சொல்லு பிள்ளை' எண்டுறார்.

2023 அக்டோபர் 31க்குள் ஜிபிகள் புதிய பதிவுகளை ஆப்பில் காட்டத் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது, அதன் பிறகு இந்தக் கேள்வி வாராவாரம். என் வழக்கம்: பக்கத்தில் மருத்துவர் எழுதிய குறிப்பு இருந்தால், 'சரியாக இருக்கிறது' அல்லது 'ஜிபியோடு பேசவும்' என்று, அதை மட்டும் வாசிப்பேன். எண்களை விளக்க மாட்டேன். சிவப்பில் இருக்கிறது என்றால் கெட்டது என்று அர்த்தம் இல்லை, அதைச் சொல்லிப் பயத்தைக் குறைக்கலாம், ஆனால் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எதைத் திறக்கும் முன்பும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

மனநிலை பற்றி ஒன்பது கேள்வி வந்திருக்கு. எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போடச் சொல்லுறா, ஆனா அழுகிறா.

சோமாலியில் 'வாலி' என்று ஒரு சொல் இருக்கிறது, பைத்தியம். நம்மிடம் 'விசர்' என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைப்பதைப் போல. அந்தச் சொல்லுக்கும் சுகமாக இருப்பதற்கும் நடுவில் மருத்துவம் சொல்லும் மனச்சோர்வுக்கு நேர்ச்சொல் இல்லை, இயந்திர மொழிபெயர்ப்பு அங்கேதான் காலை வாரும். 'வெல்வெல்' என்றால் கவலை, 'முருக்' என்றால் துயரம், 'பூஃபிஸ்' என்பது அகதி முகாம்களில் வேறு நாட்டுக்குப் போகும் ஏக்கத்துக்குச் சொன்ன சொல், இங்கே மனம் உடைந்ததற்கும் சொல்கிறார்கள். பலர் தலையிடி, நெஞ்சுப் பாரம் என்று உடம்பின் மொழியில் சொல்வார்கள்.

நீங்கள் அந்தக் கேள்விகளை மேசையில் வைத்து நிரப்பாதீர்கள். ஜிபிக்கு 'படிவத்தை மொழிபெயர்ப்பாளரோடு வாய்மொழியாகக் கேட்க வேண்டும்' என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். பேச்சுச் சிகிச்சைக்கு ஜிபி இல்லாமல் நேரடியாகவும் பதியலாம், அங்கும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. உயிரை விடும் எண்ணம் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் வேறு வேலையை நிறுத்துங்கள், 111க்கு அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல உதவி, உடனடி ஆபத்து என்றால் 999.

ஒரு பெண் ஏதோ சொல்ல வந்து, 'ஃபார்மில் எழுதாதே' எண்டா. என்ன எழுதுறது?

'பெண் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், விஷயத்தை அங்கே சொல்வேன்.' அவ்வளவு எழுதினால் போதும். என்ன என்று தோண்டாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரும் கடிதத்துக்கும் இதே வரிதான்.

சிறுவயதில் பிறப்புறுப்பு வெட்டப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே என்எச்எஸ் மருத்துவமனைப் பிரிவுகள் உண்டு, 18 வயதானவர்கள் ஜிபி இல்லாமல் நேரடியாகவே தொடர்பு கொள்ளலாம். கேட்டால் சொல்லுங்கள். ஆனால் சோமாலிப் பெண் என்றதுமே அதைப் பேச்சாக எடுக்கும் ஆட்களால் அவர்கள் சலித்துப்போய் இருக்கிறார்கள், மூட்டு வலிக்கு வந்தவரிடமும் அதைக் கேட்பார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

கணவர் மனைவியின்ர ஆப்பையும் தன்ர போனில போட்டுத் தரச் சொல்லுறார். உதவிதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முறையான வழி ஒன்று உண்டு: ஜிபியில் விண்ணப்பித்து ஒருவர் மற்றவரின் கணக்கைத் தன் ஆப்பிலிருந்தே பார்க்கலாம், எதைப் பார்க்கலாம் எதைப் பார்க்கக் கூடாது என்று மனைவியே சொல்லலாம், பிறகு நிறுத்தவும் செய்யலாம். நடக்க முடியாத அம்மாவுக்கு மகன் மருந்து எடுக்க இது அருமையான வழி. அதை விட்டுவிட்டு அவருடைய பாஸ்வேர்டை இவர் போனில் போடுவதை நான் செய்வதில்லை, மனைவி பக்கத்தில் இருந்து தலையாட்டினாலும் கூட. 'விதி அனுமதிக்காது, ஜிபியில்தான் செய்ய வேண்டும்' என்று பழியை விதி மேல் போட்டுவிடுங்கள். அங்கே அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்பார்கள் என்று நம்புகிறேன். தன் பதிவை வீட்டில் யாரோ பார்க்கிறார்கள் என்று பயப்படும் பெண், ஆப்பில் அதை மறைக்கவோ முழுக்க நிறுத்தவோ ஜிபியிடம் சொல்லலாம்.

எல்லாம் போட்டு முடிஞ்ச பிறகு 'எனக்கு ஆப் வேண்டாம், அழிச்சு விடு' எண்டார். இவ்வளவு நேரமும் வீணா?

அழித்துக் கொடுங்கள். ஆப் கட்டாயம் இல்லை, போனிலும் நேரில் போயும் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. போன மாதம் ஒரு பெரியவர் இப்படித்தான் அழிக்கச் சொன்னார், அழித்தோம். ஜிபி பதிவில் அவர் பெயரின் எழுத்துக்கூட்டல் அதற்கு முந்தைய வாரம்தான் சரியாகியிருந்தது, மொழி என்ற இடத்தில் மாய் என்றும் எழுதியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார், எச்.சி.1 படிவத்தோடு.